பாதி மனதோடு பத்து ஆண்டுகள்



மும்பை தாராவியில் ஊழியம் செய்துவருகிற இத்தனை ஆண்டுகளில், புதிதாகச் சந்திக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தினிடமும் ஒரு கேள்வியைக் கேட்பது என் வழக்கம். "ஊரைவிட்டு வந்து எத்தனை வருடமாகிறது?" என்பேன். பதில் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். "இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தோம் ஐயா. இருபத்தைந்து வருடம் ஓடிப்போயிற்று" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது என்பதை நான் மிகவும் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். ஒரு மனிதன் போகிறவனாகவே தன்னை எண்ணிக்கொண்டு ஓரிடத்தில் இருபத்தைந்து வருடம் வாழ்ந்துவிட முடியும். அதேவிதமாக, ஒரு ஊழியக்காரன் தன் பாதி இருதயத்தை வேறோரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, மீதிப் பாதியோடு பிரசங்கபீடத்தில் நிற்கவும் முடியும். நான் அப்படித்தான் பத்து ஆண்டுகள் நின்றேன். இந்த மாதம் அந்தக் குறையை உங்கள் முன்பாக மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

பெட்டிக்குள் இருந்த அட்டை

திருநெல்வேலி மாவட்டத்தில் பனைகள் சூழ்ந்த ஒரு சிறிய கிராமம் என்னுடையது. பி.எஸ்ஸி., பி.எட். முடித்தவுடன், 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயரைப் பதிவு செய்தேன். எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய காரியம். என் தகப்பனார் அந்தப் பதிவு அட்டையைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வேதப் புத்தகத்துக்குள் வைத்து ஜெபித்தார். அந்நாட்களில் பதிவு மூப்பின்படிதான் ஆசிரியர் வேலைக்கு அழைப்பார்கள் என்று காத்திருந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் மூப்பு போய்விடும்.

அதற்கு அடுத்த ஆண்டில்தான் கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைத்தார். அந்த அழைப்பை நான் இன்றுவரை சந்தேகிக்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயின்றேன். 1998-ஆம் ஆண்டு, புதிதாக மணமுடித்த என் மனைவியோடு தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். தாராவியில் முப்பது பேர் கூடிவந்த ஒரு சிறிய சபை எங்களை ஏற்றுக்கொண்டது.

என் முதல் ஞாயிறு பிரசங்கம் எலிசாவைப் பற்றியது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த இடத்தில், பன்னிரண்டாம் ஏரைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தான் அந்த வாலிபன். எலியா தன் சால்வையை அவன்மேல் போட்டுவிட்டுப் போனார். எலிசாவோ தன் ஏர்மாடுகளை அடித்து, ஏர்ச்சாமான்களையே விறகாக்கிச் சமைத்து, ஜனங்களுக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு எலியாவின் பின்னே போனான். "திரும்பிப்போக வழியில்லாதபடி தன் ஏரை எரித்தவனையே கர்த்தர் எடுத்துப் பயன்படுத்துகிறார்" என்று நான் உரத்த சத்தமாய்ப் பேசினேன். ஜனங்கள் கண்ணீரோடு "ஆமென்" என்றார்கள்.

பிரியமானவர்களே, அப்படி நான் பேசியபோது, எங்கள் அறையில் தகரப் பெட்டிக்குள், சான்றிதழ்க் கோப்பின் அடியில், அந்தப் பதிவு அட்டை இருந்தது. கல்லூரியில் படிக்கும்போதே, 1996-இல், ஒருமுறை அதைப் புதுப்பித்திருந்தேன். மும்பைக்கு வந்த பின் 1999-இல் புதுப்பித்தேன், 2002-இல் புதுப்பித்தேன், 2005-இலும் புதுப்பித்தேன். ஒவ்வொரு முறையும் ஊரில் ஒரு கூட்டத்தில் பேச அழைப்பு இருப்பதாகச் சபையாரிடம் சொன்னேன். அது பொய்யல்ல, ஏதாவது ஒரு கூட்டத்தில் பேசத்தான் செய்தேன். ஆனால் நான் போனது அதற்காக அல்ல. வழிச்செலவுக்கென்று சபையார் பிரித்துக்கொடுத்த பணத்தில், தோல் கடையில் நின்று கூலி வேலை செய்த சகோதரர்களின் பத்து ரூபாய்களும் இருபது ரூபாய்களும் இருந்தன.

தண்ணீர் வந்த இரவு

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பையில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ரயில்கள் நின்றன, மின்சாரம் போயிற்று. எங்கள் சந்தில் முழங்கால் அளவு வந்த சாக்கடைத் தண்ணீர், சற்று நேரத்தில் இடுப்பளவாயிற்று.

தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது என் கை முதலில் எதைத் தேடிற்று தெரியுமா? நான் தூக்கியது சான்றிதழ்க் கோப்பை. அதை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் சுற்றிப் பரணின்மேல் வைத்த பிறகுதான், கட்டிலின்மேல் நின்று அழுதுகொண்டிருந்த என் மகளைத் தூக்கினேன். என் வேதப் புத்தகம் நனைந்துபோயிற்று. என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அதே இரவில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி செய்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு விதவை. அதிகாலையில் இட்லி அண்டாவைச் சுமந்து தெருத்தெருவாய் விற்று, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்துவந்தார்கள். மறுநாள் வியாபாரத்துக்கென்று அரைத்த மாவு மேல்தட்டில் இருந்தது. அது இன்னும் புளிக்கக்கூட இல்லை. அந்த மாவை மண்ணெண்ணெய் அடுப்பில் தோசையாக வார்த்து, வேலையிலிருந்து நடந்தே வந்து சந்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கெல்லாம் விடியுமட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தமிழர், மராட்டியர், பீகார் வாலிபர், இஸ்லாமியத் தாய்மார் என்று அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த நாள் முதலுக்கு என்ன செய்தீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "அன்றைக்கு அது ஞாபகத்திலேயே இல்லை ஐயா" என்றார்கள்.

எலிசாவைப் பற்றிப் பிரசங்கித்தவன் நான். எலிசாவைப்போலச் சமைத்துக் கொடுத்தவர்கள் அந்தச் சகோதரி. ஆனால் அன்றைக்கு எனக்கு அது உணர்த்தப்படவில்லை.

புரியாத பாஷை

தாராவியில் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுவதும் வாழ்ந்துவிடலாம். தோல் பதனிடும் தொழிலுக்காக நம் மாவட்டத்து ஜனங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து குடியேறிய இடம் அது. காய்கறி வாங்கவும் டிக்கெட் எடுக்கவும் போதுமான ஹிந்தி எனக்கு வந்தது. அதற்குமேல் கற்க நான் முயலவில்லை. எப்படியும் போகப்போகிறவனுக்கு எதற்கு இந்தப் பாஷை என்று என் உள்ளம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளோ ஹிந்திப் பள்ளியில் படித்தார்கள், ஹிந்தியிலேயே விளையாடினார்கள், ஹிந்தியிலேயே சண்டையிட்டார்கள். வீட்டில் பேசுகிற தமிழ் சோற்றுக்கும் தண்ணீருக்கும் போதுமானதாயிருந்தது. இருதயத்தில் உள்ளதைச் சொல்ல அவர்களுக்கு ஹிந்திதான் வந்தது.

2006-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பின்பு, அந்தச் சகோதரியின் மகன் என்னிடத்தில் வந்தான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. முதலில் தமிழில் தொடங்கினான், சொல் வரவில்லை. பின்பு ஹிந்தியில் படபடவென்று பேசினான். அம்மா, பணம், பரீட்சை என்ற மூன்று சொற்கள் எனக்குப் புரிந்தன. பரீட்சைப் பயம் என்று எண்ணிக்கொண்டேன். அவன் தலையின்மேல் கைகளை வைத்துத் தமிழில் நீண்ட ஜெபம் செய்து, "கர்த்தர் பார்த்துக்கொள்வார், தைரியமாயிரு" என்று அனுப்பிவிட்டேன். அவன் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு போய்விட்டான்.

மூன்றாம் நாள் அவன் வீட்டைவிட்டுப் போனான்.

என்ன நடந்தது என்பதை அவனுடைய தங்கை ஒரு வாரம் கழித்து எங்களிடம் சொன்னாள். கட்டணம் கட்டுவதற்காகத் தாயார் இட்லி விற்றுச் சேர்த்துக்கொடுத்த இரண்டாயிரம் ரூபாயை அவன் தொலைத்துவிட்டிருக்கிறான். தாயாரிடம் சொல்லப் பயம். "நீங்கள் என்னோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று கேட்கத்தான் என்னிடத்தில் வந்தான். பத்து நிமிடம் அவனோடு நடந்து போயிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் அது. எட்டு வருடம் அந்தச் சந்தில் குடியிருந்த மேய்ப்பனுக்கு, ஆட்டுக்குட்டி கத்தியது என்னவென்று விளங்கவில்லை.

பிரியமானவர்களே, அரைமனது என்றால் நாம் பாவத்தில் விழுவதையும் ஆராதனைக்கு வராமல் நின்றுபோவதையும் நினைக்கிறோம். நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒரு உபவாச நாளையும் விடவில்லை. அரைமனதின் அடையாளம் நான் செய்தவைகளில் தெரியவில்லை. நான் தொடங்காமலே விட்டவைகளில்தான் இருந்தது.

பதினைந்து வருட மூப்பும் நூறு தாலந்தும்

2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரிலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உனக்கு வந்துவிட்டது! சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே" என்று அழுதார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள். ஓட்டை விழுந்த தகரக் கூரையின் கீழ் ஒற்றை அறை. அரசு வேலை என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பின் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைப் புதுப்பித்து வந்ததை அவள் முன்னமே அறிந்திருந்தாள். அவள் அழவும் இல்லை, மகிழவும் இல்லை. நிதானமாய்ச் சொன்னாள்: "போவதாயிருந்தால் போவோம். அங்கே முழு மனதோடு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். அதுவும் கர்த்தருக்குச் செய்கிறதுதான். இருப்பதாயிருந்தால் இருப்போம். ஆனால் பாதி ஆளோடு இனிமேல் என்னால் குடித்தனம் பண்ண முடியாது. பத்து வருடம் பண்ணியாயிற்று."

வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கற்றபோதும் எனக்குப் புரியாமலிருந்த சத்தியத்தை, அன்று என் மனைவியின் வாயினால் கர்த்தர் புரியவைத்தார். ஆசிரியர் வேலை பாவமல்ல. ஊழியம் அதைவிட உயர்ந்ததென்று நான் பெருமை பாராட்டவும் இடமில்லை. தேவன் என்னிடம் கேட்டது நான் நிற்கிற இடத்தில் முழுவதுமாக நிற்கும்படியே.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது 2 நாளாகமம் 25-ஆம் அதிகாரம். அமத்சியா என்னும் ராஜா நல்லதைத்தான் செய்தான். ஆனால் அதை முழு இருதயத்தோடு செய்யவில்லை என்று வேதம் அவனைக் குறித்து எழுதிவைத்திருக்கிறது. யூதாவில் மூன்று லட்சம் போர்வீரர் இருந்தும், அவனுக்கு அது போதவில்லை. நூறு தாலந்து வெள்ளி கொடுத்து, இஸ்ரவேலிலிருந்து இன்னும் ஒரு லட்சம் பேரைக் கூலிக்கு அமர்த்தினான். அவர்களை அனுப்பிவிடும்படி தேவமனிதன் சொன்னபோது, அவன் கேட்ட கேள்வி ஒன்றே: ஏற்கெனவே கொடுத்துவிட்ட நூறு தாலந்து என்னாவது?

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. பதினைந்து வருடப் பதிவு மூப்பு என்னாவது? ஊழியத்தைக் குறித்து எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. செலவழித்த பதினைந்து வருடம் வீணாகிவிடுமே என்ற எண்ணம்தான் என்னை வதைத்தது. தேவமனிதன் அமத்சியாவுக்குச் சொன்ன பதில், கர்த்தரால் அதிலும் அதிகம் கொடுக்கக்கூடும் என்பதே. அந்தப் பதிலைப் பற்றிக்கொண்டு, சரிபார்ப்புக்கு வரவில்லை என்று அண்ணனுக்குத் தெரிவித்தேன். மே மாதத்தில் அட்டையைப் புதுப்பிக்கவும் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அமத்சியா கீழ்ப்படிந்தபோது, அனுப்பப்பட்ட கூலிப்படை கோபங்கொண்டு யூதாவின் பட்டணங்களைக் கொள்ளையிட்டது. மூவாயிரம் பேர் மடிந்தார்கள். கீழ்ப்படிகிறவனுக்கு நஷ்டமே வராது என்று வேதம் சொல்லவில்லை. என் அண்ணன் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய நாட்களும் உண்டு. அதிகமாய்க் கர்த்தர் கொடுத்தது பணமாக வரவில்லை. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

எரிப்பதும் சமைப்பதும்

சபைக்கு முன்பாக அந்த அட்டையை எரித்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை எழும்பிற்று. மனைவியிடம் சொன்னேன். "எலிசா எரித்ததில் ஊருக்குச் சோறு வெந்தது. உங்கள் அட்டையை எரித்தால் யாருக்கு என்ன வேகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதிலில்லை. அந்த வேதபகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்தவன், நெருப்பைப் பார்த்தேனேயல்லாமல் சாப்பாட்டைப் பார்க்கவில்லை. எலிசாவின் ஒப்புக்கொடுத்தல் பசித்த வயிறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்பும் அவன் எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்க்கிறவனாகவே அறியப்பட்டிருந்தான் என்று 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏரை எரித்த தைரியம் ஒரு நாளைக்குரியது. தண்ணீர் வார்ப்பதோ அன்றாட வேலை.

அடுத்த ஞாயிறு நான் பிரசங்கிக்கவில்லை. மூன்று பயணங்களையும், அவற்றின் உண்மையான காரணத்தையும் சபையாரிடம் அறிக்கை செய்தேன். வழிச்செலவுக்கு அவர்கள் தந்திருந்த தொகையைக் கணக்கிட்டு, மனைவியின் வளையலை அடகுவைத்து, காணிக்கைப் பெட்டியில் போட்டேன். கூட்டத்தில் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு ஒரு முதியவர் எழுந்து, "ஐயா, எனக்கும் ஊரில் ஒரு வீடு பதினெட்டு வருடமாய்ப் பாதி கட்டிக் கிடக்கிறது. என் மனதும் அங்கேதான் கிடக்கிறது" என்றார். அன்று ஒருவர்பின் ஒருவராகப் பலர் எழுந்தார்கள். அப்படிப்பட்ட ஆராதனை எங்கள் சபையில் அதற்கு முன் நடந்ததில்லை.

எல்லாரும் போன பின்பு இட்லி விற்கும் சகோதரி கடைசியாய் வந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அதுவரை நான் காத்திருந்தேன். நான் பேச வாயெடுக்குமுன் அவர்கள் சொன்னார்கள்: "இனிமேலாவது ஹிந்தி படியுங்கள் ஐயா. என் மகன் என்றைக்காவது போன் பண்ணினால், நீங்கள் பேச வேண்டும்."

நான் ஹிந்தி படித்தேன். எனக்கு ஆசிரியராக வந்தது அந்தப் பையனின் தங்கை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஓய்வுநாள் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளின் நடுவே சிலேட்டோடு உட்காருவேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெட்கமாயிருக்கும் நேரங்களில் சீகன்பால்குவை நினைத்துக்கொள்வேன். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானிய வாலிபர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அவருடைய உழைப்பினால் அச்சாகி வெளிவந்தது. 1719-இல், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியிலேயே நித்திரையடைந்தார். எங்கள் மாவட்டத்து டோனாவூரில் உழைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அப்படியே. 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர்கள், 1951-இல் மரிக்குமட்டும் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அவர்களும் நம் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். நமக்காக அவர்கள் தரையில் உட்கார்ந்தார்களே, நம் பிள்ளைகளுக்காக நான் உட்காரக்கூடாதா?

சிறையிருப்புக்கு வந்த கடிதம்

இப்பொழுது உங்களிடம் வருகிறேன், பிரியமானவர்களே. எரேமியா 28-ஆம், 29-ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட நாட்கள் அவை. அனனியா என்னும் தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அறிவித்தான். இரண்டு வருடம்! நம்முடைய பெட்டிகளிலும் அந்த இரண்டு வருடம்தானே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. கேட்க இனிமையாயிருந்தாலும் அது கர்த்தருடைய வார்த்தையல்ல.

எரேமியாவோ வேறொரு கடிதம் அனுப்பினார். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள். அந்தப் பட்டணம் சமாதானமாயிருக்கும்படி அதற்காக ஜெபியுங்கள் என்பதே அதின் சாராம்சம். எழுபது வருடம் செல்லும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. தேவனை முழு இருதயத்தோடு தேடுகிறவர்கள் அவரைக் கண்டடைவார்கள் என்னும் வாக்குத்தத்தமும் இதே கடிதத்தில்தான் இருக்கிறது. நாம் அதைத் தனியே எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளுகிறோம். அது முதலாவது எழுதப்பட்டது அந்நிய நகரத்தில் பெட்டியை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

முழு இருதயம் என்றவுடன் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எண்ணாதேயுங்கள். பத்து ஆண்டுகள் முழுநேர ஊழியக்காரனாக இருந்தவன் அரைமனதாயிருந்தான். இட்லி விற்றவர்கள் முழு மனதாயிருந்தார்கள். ஊரில் நிலம் வைத்திருப்பதும் தாய் தகப்பனைப் பார்க்கப் போவதும் குற்றமல்ல. கையிலுள்ள எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொட்டிவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. குடும்பத்தைப் பட்டினியிடுவது தேவபக்தியல்ல.

ஆனால் மூன்று காரியங்களை இன்றிரவே தேவசமுகத்தில் விசாரித்துப் பாருங்கள். ஆபத்து வரும்போது உங்கள் கை முதலில் எதைத் தூக்குகிறது? எப்படியும் போகப்போகிறோம் என்று சொல்லி, நீங்கள் தொடங்காமலே விட்டிருக்கிற நன்மை எது? நீங்கள் பேசாத பாஷையில் உங்களோடு பேச முயன்று, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் யார்? அது உங்கள் மகனாயிருக்கலாம், மகளாயிருக்கலாம், பக்கத்து அறையில் தனிமையாயிருக்கிற வேற்று மாநிலத்து வாலிபனாயிருக்கலாம்.

அதிகமாய்க் கர்த்தர் கொடுத்ததைச் சொல்லுகிறேன் என்றேன் அல்லவா? 2012-ஆம் ஆண்டு முதல் எங்கள் சபையில் ஞாயிறு மாலையில் ஹிந்தி ஆராதனை நடக்கிறது. என்னோடு சிலேட்டில் எழுதின பிள்ளைகளே அதை நடத்துகிறார்கள். 2014-ஆம் ஆண்டு ஒரு இரவு பதினொரு மணிக்கு இட்லி விற்கும் சகோதரி எங்கள் கதவைத் தட்டினார்கள். கையில் தொலைபேசி, கை நடுங்கிற்று. ஒன்றும் பேசாமல் அதை என்னிடம் நீட்டினார்கள். மறுமுனையில் ஒரு ஆண்குரல். நான் அவனோடு ஹிந்தியில் நாற்பது நிமிடம் பேசினேன். எட்டு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் சூரத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தான். தாயாருக்கு முன்பாக முதலில் இரண்டாயிரம் ரூபாயை எடுத்து வைத்தான். தாயார் அதைத் தொடாமல் அவனைத் தொட்டார்கள்.

அவன் இன்னும் ஆலயத்துக்கு ஒழுங்காய் வருகிறவன் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது உண்மையல்ல. அவ்வப்போது வருகிறான், பின்வரிசையில் உட்காருகிறான். நானும் காத்திருக்கிறேன். இப்போது அவன் என்ன சொன்னாலும் எனக்குப் புரியும்.

அந்தப் பதிவு அட்டை இன்னமும் என் மேசையில் இருக்கிறது. கடைசியாகப் புதுப்பித்த முத்திரை 2005. தியானத்துக்கு உட்காரும்போது அதைப் பார்ப்பேன். என் இருதயத்தில் இன்னும் ஏதாவது மூலை யாருக்கும் தெரியாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறதா என்று கர்த்தரிடத்தில் கேட்பேன். சில நாட்களில் அவர் ஒன்றைக் காட்டுகிறார். அன்றைக்கு மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறேன்.

நீங்கள் இருக்கிற பட்டணத்தில், செய்கிற வேலையில், கூடிவருகிற சபையில், உங்கள் இருதயத்தை முழுவதுமாய் ஏற்றுக்கொண்டு கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.